அப்பாகிட்ட நீயே சொல்லும்மா

விடுதியில் தங்கிப் படிக்கும் பையன் வீட்டுக்குப் போன் பண்ணுகிறான். அம்மா எடுக்கவில்லை. அப்பாவுக்கு அடிக்கிறான்.

"சாப்பிட்டியா?"

"ம், சாப்பிட்டேன்."

"பணம் ஏதும் வேணுமா?"

"இல்லப்பா."

அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் ஓடவில்லை. "இரு, அம்மாகிட்ட குடுக்குறேன்." மொத்தம் பதினைந்து விநாடி. அதே பையன் அம்மாவிடம் நாற்பது நிமிடம் பேசுகிறான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவ்வளவையும் கேட்கிறார். போனை வைத்ததும், "என்னவாம்?" என்கிறார்.

நம்மில் பலருக்கு இது சொந்தக் கதை. அந்த அப்பாவுக்குப் பாசம் இல்லை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவோம். பாசம் நிறையவே இருக்கிறது. அது போய்ச் சேர நேர்வழிதான் இல்லை. டூருக்குப் பணம் கேட்பது, மார்க் குறைந்ததைச் சொல்வது, காய்ச்சல் என்பது, பிடித்த பெண்ணைப் பற்றி வாய் திறப்பது, எல்லாவற்றுக்கும் அம்மாதான் தபால்காரர். அந்த நேர்வழி எதனால் ஆனது, எப்போது போடுவது, உடைந்தால் எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

பற்றுறவு என்றால்

உளவியலில் இதற்குப் பற்றுறவு என்று பெயர். பெயர் கனமாக இருந்தாலும் விஷயம் எளிது. மெரினாவில் ஒரு மாலை நேரம் நின்று வேடிக்கை பார்த்தால் புரிந்துவிடும்.

மூன்று வயதுக் குழந்தை அலையை நோக்கி ஓடுகிறது. பத்தடி போனதும் நின்று திரும்பிப் பார்க்கிறது. அப்பா அங்கேயே நிற்கிறாரா? நிற்கிறார். இன்னும் பத்தடி ஓடுகிறது. பெரிய அலை ஒன்று வந்ததும் அலறியடித்து வந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொள்கிறது. ஒரு நிமிடம்தான். மறுபடி அலையைப் பார்த்து ஓட்டம்.

அந்த அப்பா இரண்டு வேலை செய்கிறார். பயந்தால் ஓடி வருவதற்கு ஓர் இடமாக இருக்கிறார். பயம் தெளிந்ததும் கிளம்பிப் போவதற்குத் தைரியமாகவும் இருக்கிறார். இந்த இரண்டும் ஓர் ஆளிடம் கிடைக்கும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால், அந்த ஆளோடு அதற்குப் பற்றுறவு அமைந்துவிட்டது என்று அர்த்தம். கவனியுங்கள், காலை விடாமல் பிடித்துக்கொண்டே நிற்கும் குழந்தையைவிட, திரும்பிப் பார்த்துவிட்டுத் தூரமாக ஓடும் குழந்தைதான் அப்பாவை உறுதியாக நம்புகிறது. 'தூக்கித் தூக்கி வெச்சா இடுப்பை விட்டு இறங்க மாட்டான்' என்று பெரியவர்கள் சொல்லும் பயம் பெரும்பாலும் வீண்.

இப்படி ஓடுவதையும் திரும்புவதையும் பொறுமையாக உட்கார்ந்து கவனித்தவர்களில் முக்கியமானவர் மேரி ஐன்ஸ்வர்த். 1950-களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்த் தாய்களையும் குழந்தைகளையும் பார்த்துக் குறிப்பெடுத்தார். அவரோடு சேர்ந்து வேலை செய்த ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை, தாயின் அரவணைப்பு இல்லாமல் குழந்தையின் மனம் எப்படி வாடும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னது. நல்ல காரியம்தான். ஆனால் அதில் அப்பா ஓரமாக நின்றார். சம்பாதிக்கிறவர், அம்மாவுக்குப் பக்கபலம், அவ்வளவே. 1975-இல்தான் மைக்கேல் லாம்ப் என்ற உளவியலாளர், குழந்தை வளர்ச்சியில் அப்பாக்கள் மறக்கப்பட்டவர்கள் என்று தலைப்பிலேயே போட்டு ஒரு கட்டுரை எழுதினார்.

இதற்கு நடுவில் கிளாஸ்கோ நகரத்தில் நடந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ருடால்ஃப் ஷாஃபர், பெக்கி எமர்சன் என்ற இருவர் செய்தது; 1964-இல் வெளியானது. 60 குழந்தைகள், பெரும்பாலும் தொழிலாளர் குடும்பங்கள். அடிக்கடி அந்த வீடுகளுக்குப் போய், யார் விட்டுப் போனால் குழந்தை அழுகிறது என்று விசாரித்தார்கள். ஒன்றரை வயதுக்குள் அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய முக்கால்வாசி அப்பாவிடமும் பற்று வைத்திருந்தன. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் தெரியவந்தது. யார் அதிக நேரம் கூட இருக்கிறாரோ அவரிடம்தான் குழந்தை ஒட்டும் என்ற கட்டாயம் இல்லை. அதன் சைகையைப் புரிந்துகொண்டு சட்டென்று பதில் கொடுக்கிறவரிடம் ஒட்டியது. நாள் முழுக்கக் கூடவே இருந்த அம்மாவைத் தாண்டி, சாயங்காலம் மட்டும் வீட்டுக்கு வருகிறவரிடம் ஒட்டிய குழந்தைகளும் இருந்தன.

காலையில் போய் இரவு வீடு திரும்பும் அப்பாவுக்கு இதைவிட ஆறுதலான செய்தி கிடையாது. கூடவே, ஞாயிறு முழுக்க வீட்டில் இருந்தும் போனை விட்டுக் கண்ணை எடுக்காத அப்பாவுக்குக் கொஞ்சம் சங்கடமான செய்தியும்கூட.

கூப்பிடுகிறான், கேட்கிறதா?

பிள்ளைகள் நாள் முழுக்க நம்மைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வயதுக்கு வயது கூப்பிடும் விதம் மாறுகிறது. அதுதான் சிக்கல்.

எட்டு மாதத்தில் அது ஒரு சத்தம், நீட்டிய கை. இரண்டு வயதில் லுங்கியைப் பிடித்து இழுப்பது. ஏழு வயதில் "அப்பா இங்க பாருங்களேன், கைய விட்டுட்டு ஓட்டுறேன்". இதுவரை எல்லோருக்கும் புரியும். பதினொரு வயதில் அவன் ஏதோ ஒரு வீடியோ கேமில் எந்தத் துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும் என்று அரை மணி நேரம் விளக்குவான். அதுவும் கூப்பிடுவதுதான். பதினைந்து வயதில் இன்னும் மங்கலாகிவிடும். நீங்கள் வண்டியைத் துடைக்கும்போது காரணமே இல்லாமல் வாசல்படியில் வந்து நிற்பான். "பெட்ரோல் போட்டாச்சா?" என்று சம்பந்தமில்லாமல் ஒரு கேள்வி. அவனுக்குப் பெட்ரோலைப் பற்றிக் கவலை கிடையாது. அந்த நேரத்தில் "போய்ப் படி" என்றால் போய்விடுவான். "ஒரு துணி எடுத்துட்டு வா, அந்தப் பக்கம் தொட" என்றால் நிற்பான். பத்து நிமிடம் கழித்து, எதற்காக வந்தானோ அது வெளியே வரலாம். வராமலும் போகலாம், நாளைக்கும் வந்து நிற்பான்.

பதில் கொடுப்பது என்றால் கேட்டதையெல்லாம் வாங்கிக் கொடுப்பது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "இப்ப வேலையா இருக்கேன்யா, எட்டு மணிக்கு வா, முழுசாக் கேக்குறேன்" என்பதும் நல்ல பதில்தான். என்ன, எட்டு மணிக்கு நீங்களே நினைவு வைத்து அவனைக் கூப்பிட வேண்டும். இரண்டு தரம் மறந்தால் மூன்றாம் தரம் அவன் வரமாட்டான்.

எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். அம்மா கைக்குழந்தையோடு சிரித்துப் பேசி விளையாடுவார். திடீரென்று முகத்தை எந்த அசைவும் இல்லாமல் கல்லாக வைத்துக்கொள்வார். ஓரிரு நிமிடம்தான். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை ஆட்டும், குரல் கொடுக்கும். ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளும், சிணுங்கும், அழும். எதிரே உட்கார்ந்திருப்பது அதன் சொந்த அம்மா, அடிக்கவில்லை, திட்டவில்லை. பதில் வரவில்லை என்பது மட்டுமே அதற்குத் தாங்கவில்லை. அந்தக் கல்முகத்துக்கு இன்று சோதனைச்சாலை தேவையில்லை. போனில் ரீல்ஸ் பார்க்கும் எந்த அப்பாவின் முகத்தையும் எதிரே உட்கார்ந்து பார்த்தால் போதும். என் முகம் உட்பட.

தாய்வீட்டுக்குப் போன குழந்தை

நம் ஊரில் இந்த நேர்வழி தொடக்கத்திலேயே அடைபட ஒரு காரணம் உண்டு. பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு போகிறாள். மூன்று மாதம், சில வீடுகளில் ஐந்து மாதம் அங்கேயே. அப்பா வாரக் கடைசியில் பஸ் பிடித்துப் போய், மாமியார் கொடுக்கும் காபியைக் குடித்து, தூங்கும் குழந்தையை எட்டிப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு கிளம்பிவிடுகிறார். தூக்கப்போனால், "தலை நிக்கல மாப்ள, பாத்து" என்று நாலு கை நீளும். அந்தப் பயத்தில் பலர் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அந்த ஓய்வு வேண்டும், அதில் கை வைக்கக் கூடாது. அப்பா அங்கே போய்ச் செய்ய இரண்டு வேலை இருக்கிறது. பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தடவி ஏப்பம் விடவைப்பது ஒன்று. ராத்திரித் தொட்டில் ஆட்டுவது இன்னொன்று. இரண்டையும் யாரும் போட்டிக்கு வந்து பிடுங்க மாட்டார்கள். காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டுவது பாட்டிகளின் கலை. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், அவசரமில்லை. மத்திய அரசு ஊழியராக இருந்தால், இரண்டு குழந்தைகளுக்குக் குறைவாக உள்ளவருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. குழந்தை பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை பிறந்த அன்று ஸ்வீட் கொடுக்க இரண்டு நாளை வீணாக்குவதைவிட, தாயும் பிள்ளையும் வீடு திரும்பிய பிறகு எடுப்பது என் கணக்கில் லாபம். தனியார் வேலை என்றால் கம்பெனியின் மனசுதான்.

'நமக்கு அதெல்லாம் வராது, பொம்பளைங்களுக்கு இயற்கையா வரும்' என்று ஒரு பேச்சு உண்டு. உடம்பு அப்படிச் சொல்லவில்லை. பிலிப்பைன்ஸில் செபு என்ற இடத்தில் 624 இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2011-இல் வெளிவந்தது. அப்பா ஆனவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு குறைந்திருந்தது. அதிலும் தினமும் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு மற்ற அப்பாக்களைவிடக் குறைவாக இருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, இது நோய் அல்ல. பிள்ளையைத் தூக்கத் தூக்க ஆணின் உடம்பும் அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கொஞ்சம் வளர்ந்ததும் அப்பாக்கள் விளையாட்டில் கெட்டிக்காரர்கள். உப்பு மூட்டை, யானைச் சவாரி, கட்டிலில் மல்யுத்தம். கனடாவின் தானியேல் பாகெத் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு தனி இடமே கொடுக்கிறார்: முரட்டு விளையாட்டில் பிள்ளை ஆபத்தையும் எல்லையையும் ஒரு பத்திரமான கையில் பழகுகிறது என்கிறார். அவன் "போதும்ப்பா" என்றால் அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னொருவர் போதும் என்றால் தானும் நிறுத்த வேண்டும் என்பதை அவன் வேறு எங்கும் இவ்வளவு சுலபமாகக் கற்க முடியாது.

கறிக்கடை

என் அப்பா ஞாயிற்றுக்கிழமை விடிகாலை என்னைக் கறிக்கடைக்குக் கூட்டிப் போவார். சைக்கிள் கேரியரில் நான், ஹேண்டில்பாரில் ஒயர்கூடை. ஆறு மணிக்கே வரிசை நிற்கும். அவர் பேசுகிறவர் இல்லை. நானும் தூக்கக் கலக்கத்தில் நிற்பேன். எங்கள் முறை வந்ததும், "தொடைக்கறி அரைக் கிலோ, நெஞ்செலும்பு கொஞ்சம் போடுங்க, சுவரொட்டி பையனுக்கு" என்பார். சுவரொட்டி ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். கடைக்காரர் அதை எடுத்து இலையில் வைக்கும்போது வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். அந்த 'பையனுக்கு' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் நான் வாராவாரம் எழுந்திருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பத்தாம் வகுப்பில் ஞாயிறு காலை டியூஷன் வைத்தார்கள். கறிக்கடை நின்றது. எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே நேர்வழி அதுதான் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை. அந்த வருடத்திலிருந்து அப்பாவோடு பேச எனக்கு அம்மா தேவைப்பட்டார்.

பையன்கள் பெரும்பாலும் எதிரெதிரே உட்கார்ந்து பேச மாட்டார்கள். "வா, உக்காரு, உன்கூடப் பேசணும்" என்றாலே அவனுக்கு அடிவயிறு கலங்கும். இதற்கு முன் அப்படிக் கூப்பிட்டதெல்லாம் ரேங்க் கார்டு வந்த அன்றுதானே. பக்கத்துப் பக்கத்தில் இருந்து, ஒரே திசையைப் பார்த்தபடி, கையில் ஏதாவது வேலையோடு இருந்தால் பேச்சு தானாக வரும். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு டியூஷனுக்குக் கொண்டுபோய் விடுவது, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது, சலூனில் முறைக்குக் காத்திருப்பது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவுவது. பைக்கில் அவனுக்கு உங்கள் முகம் தெரியாது, உங்களுக்கு அவன் முகம் தெரியாது. எத்தனையோ வீட்டில் பெரிய ரகசியங்கள் ஸ்பீட் பிரேக்கருக்கும் சிக்னலுக்கும் நடுவில்தான் வெளியே வந்திருக்கின்றன.

இதில் ஒன்றைப் பிடித்து வாராவாரம் விடாமல் செய்தால் போதும். வருடத்துக்கு ஒரு தரம் ஊட்டி போவது நன்றாகத்தான் இருக்கும், போட்டோவும் கிடைக்கும். ஆனால் அவன் எதிர்பார்த்துக் காத்திருக்கக்கூடிய ஒரு சாதாரண அரை மணி நேரத்தின் பலம் அதில் இல்லை. அந்த அரை மணி நேரத்தில் மார்க் பேச்சு கூடாது. ஆசிரியர் கேட்கிறார், சித்தி கேட்கிறார், பக்கத்து வீட்டு மாமா கேட்கிறார். நீங்கள் ஒருவராவது கேட்காமல் இருங்களேன்.

அழுகையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆறு வயதில் முட்டி சிராய்த்து வருகிறவனிடம், "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்கிறோம். அவன் கற்றுக்கொள்வது வலியைத் தாங்குவதை இல்லை; வலித்தால் இந்த ஆளிடம் வரக்கூடாது என்பதை. பதினாறு வயதில் முட்டியைவிடப் பெரிய இடத்தில் அடிபடும்போது அவன் வராததற்கு வித்து அங்கே போடப்படுகிறது. "வலிக்குதா? எங்க, காட்டு" என்று உட்கார்ந்து ஊதிவிட ஒரு நிமிடம்கூட ஆகாது.

மகனிடம் குழைவது நம் மரபிலேயே இல்லை என்கிறவர்கள் புறநானூற்றின் 312-ஆம் பாட்டைத்தான் எடுத்து வைப்பார்கள்: சான்றோன் ஆக்குதல் தந்தைக்குக் கடனே. மேடைதோறும் அதைக் கேட்டிருக்கிறோம். அதே நூலில் 188-ஆம் பாட்டு, பாண்டியன் அறிவுடைநம்பி என்ற அரசன் பாடியது. குறுகுறுவென நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, சோற்றைத் தரையில் இட்டு, தொட்டு, வாயால் கவ்வி, கையால் துழாவி, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் சிதறிக்கொள்ளும் குழந்தை இல்லாதவர்களுக்கு வாழும் நாளில் பயனே இல்லை என்கிறான். சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தவனால்தான் அந்த நான்கு வினைகளை அடுக்க முடியும். மேடையில் அதை யாரும் சொல்வதில்லை.

தபால்காரரை எப்படி விடுவிப்பது

'தோளுக்கு மிஞ்சினால் தோழன்' என்ற பழமொழியை நம்பிக் காத்திருக்கும் அப்பாக்கள் உண்டு. அதுவரை போலீஸ்காரராக இருந்துவிட்டு, அவன் உயரம் ஐந்தரை அடியைத் தொட்டதும் தோளில் கை போட்டால் அவன் நெளிவான். தோழமைக்கு அடித்தளம் தோளுக்குக் கீழே இருக்கும்போதே விழ வேண்டும்.

இதில் அம்மாக்களுக்கும் பங்கு உண்டு. "அப்பா வரட்டும், சொல்றேன் இரு" என்று ஒரு நாளைக்கு மூன்று தரம் சொன்னால், சாயங்காலம் கதவைத் தட்டுகிற ஆள் அவனுக்குப் பூச்சாண்டியாகத்தான் தெரிவார். பாவம், அந்த மனுஷன் கையில் பக்கோடா பொட்டலத்தோடு வந்திருப்பார். மறுபக்கம், "அப்பாகிட்ட நீயே சொல்லும்மா" என்று பையன் வந்து நின்றால், அம்மா மனம் இளகித் தூது போய்விடுகிறார். அவரிடம் நேரே கேட்டால் என்ன நடக்கும் என்று பையனுக்குக் கடைசிவரை தெரியாமலே போகிறது.

ஒரு சின்ன ஏற்பாடு செய்யலாம். அப்பா தர வேண்டியதை அப்பாவிடமே கேட்பது என்று வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பையன் தயங்கினால் அம்மா கூடவே வந்து பக்கத்தில் நிற்கட்டும், பேசுவது அவனாக இருக்கட்டும். அப்படி அவன் முதல் முறை வந்து கேட்கும்போது அப்பா செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: முழுக்கக் கேட்கும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது. டூருக்கு அனுப்ப முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிக்கொள்ளலாம். கையில் பணம் இல்லை என்ற உண்மையையே சொல்லலாம். 'இவரிடம் கேட்டால் மறுப்பார், ஆனால் கத்த மாட்டார்' என்று தெரிந்தால் அடுத்த முறை தூது தேவைப்படாது.

அதேபோல் அப்பாவும் அம்மாவை விசாரணைக்கு அனுப்பக் கூடாது. "அவன் ஏன் ஒரு மாதிரி இருக்கான், கேளு" என்பதற்குப் பதில், அவரே போய் ஒரு டீ போட்டுக் கொடுக்கலாம். வளர்ந்த பையனிடம் கேள்விகள் குறையக் குறைய, கதைகள் கூடக் கூட நல்லது. நீங்கள் பதினொன்றாம் வகுப்பில் கணக்கில் தோற்றது, முதல் வேலையில் அவமானப்பட்டது, இவற்றைச் சொல்லுங்கள். பாடமாகச் சொல்லாமல் சும்மா சொல்லுங்கள். அப்பாவும் ஒரு காலத்தில் திருதிருவென விழித்தவர்தான் என்று தெரிந்தால் அவனுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

வளைகுடாவில் இருக்கும் அப்பா, லாரியில் வாரக்கணக்கில் வடக்கே போகும் அப்பா என்ன செய்வது? வீடியோ காலில் "நல்லாப் படிக்கிறியா, அம்மாவைப் படுத்தாத" என்பதோடு முடித்துவிடாமல், போன வாரம் அவன் சொன்ன ஒரு சின்ன விஷயத்தை ஞாபகம் வைத்துக் கேட்டால் போதும். "அந்தக் குட்டி நாய் இன்னும் வருதா?" கிளாஸ்கோ கணக்குப்படி பார்த்தாலும், தூரத்தைவிடப் பதிலுக்குத்தான் எடை அதிகம்.

உடைந்தால்

எவ்வளவு நல்ல அப்பாவும் கத்துவார். வேலையில் யாரோ ஏசியது, கடன், தூக்கமின்மை, கடைசியில் கொட்டிய ஹார்லிக்ஸ் மீது விழும். இங்கே ட்ரோனிக் மறுபடி உதவிக்கு வருகிறார். நன்றாக இருக்கும் தாயும் சேயும்கூட ஒருவருக்கொருவர் இசைந்து இருப்பது மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குபோலத்தான் என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. மீதி நேரமெல்லாம் இடறுவதும், திரும்பச் சேர்வதும். அந்தத் திரும்பச் சேர்வதில்தான் உறவு உரமாகிறது என்பது அவர் வாதம்.

நம் அப்பாக்களுக்கும் இது தெரியும். அவர்கள் முறையே வேறு. சாயங்காலம் அடித்துவிட்டு, ராத்திரி பரோட்டா பார்சலோடு வருவார்கள். எழுப்பி ஊட்டிவிடுவார்கள். அந்தப் பார்சலுக்குள் 'மன்னிச்சுக்கய்யா' என்பது மடித்து வைத்திருக்கும். எனக்கு அது முப்பது வயதில்தான் புரிந்தது. எட்டு வயதில் புரிந்ததெல்லாம், அப்பா அடிப்பார், பரோட்டாவும் வாங்கித் தருவார், எது எப்போது என்று சொல்ல முடியாது என்பது மட்டும்.

அதனால் பரோட்டா வாங்குங்கள், வாயாலும் சொல்லிவிடுங்கள். போன வருடம் என் மகனிடம் நான் அப்படிக் கத்தினேன். காணாமல் போன வண்டிச் சாவிக்காக. சாவி என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவன் அறைக்குப் போய், "சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. உன்னைக் கத்தினது தப்பு" என்றேன். அதோடு நிறுத்திக்கொள்வதுதான் கஷ்டம். 'ஆனா நீயும் எப்பவும் எடுத்த சாமானை எடுத்த எடத்துல...' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சரிப்பா" என்றான். ஒரு மணி நேரம் கழித்து, கண்ணாடி டம்ளரை உடைத்தது தான்தான் என்று வந்து சொன்னான். அது உடைந்து நான்கு நாள் ஆகியிருந்தது. நாங்கள் பூனையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோம்.

இதை எழுதும் நாட்களில் எனக்கு ஊரில் இருக்கும் அப்பாவின் நினைப்பாகவே இருந்தது. அவருக்கு எழுபத்து நான்கு. போன ஞாயிறு காலை, மகனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்க் கறிக்கடை வரிசையில் நின்றபடி அவருக்குப் போன் அடித்தேன்.

"சாப்பிட்டியா?" என்றார், மணி ஆறரை.

"இனிமேத்தான்."

"இரு, அம்மாகிட்ட..."

"இல்லப்பா, உங்ககிட்டதான். நெஞ்செலும்பு எப்படிப் பாத்து வாங்கணும்?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"எந்தக் கடையில நிக்கிற?" என்றார்.